நூலக வரி கட்டுறீங்க... நாவல் படிக்கிறீங்களா?

கொலை, கொள்ளை, குடிநீர், குப்பை. இந்த நாலும்தான் என் பிழைப்பு. இன்று ஒரு நாள் அதை ஓரமாக வைத்துவிட்டு நாவல் பற்றி எழுதுகிறேன்.

"பிளஸ் டூ படிச்ச பையனுக்கு நாவல் பற்றி என்ன பேச்சு?" என்று கேட்பீர்கள். எல்லாம் ஒரு ஏட்டையா செய்த வேலை!

நள்ளிரவு நேரம். செய்தி தேடி ஒரு போலீஸ் நிலையத்துக்குப் போனேன். ஏட்டையா தலை நிமிராமல் படித்துக் கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். கேஸ் கட்டு அல்ல. ராஜேஷ்குமார் நாவல்!

"என்ன ஏட்டையா, நீங்க பார்க்காத கொலையா?" என்றேன்.

"தம்பி, இங்கே வர்ற கேஸ் எப்ப முடியும்னு யாருக்கும் தெரியாது. இதுல 100 பக்கத்துல ஆளு மாட்டிக்கிறான். நிம்மதியா தூக்கம் வருது" என்றார்.

அன்று பிடித்தது எனக்கு இந்தப் பைத்தியம்.

எது குப்பை?

"துப்பறியும் கதை எல்லாம் குப்பை" என்று மூக்கைச் சுளிப்பவர்கள் உண்டு. நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மாநகராட்சிக் குப்பையை தினமும் பார்க்கிறவன் நான். எது குப்பை என்று எனக்குத் தெரியாதா?

கோவைக்காரர் ராஜேஷ்குமார் 1,500-க்கும் மேலே நாவல் எழுதியவர். பட்டுக்கோட்டை பிரபாகருக்கு பரத்-சுசீலா. சுபாவுக்கு நரேந்திரன்-வைஜயந்தி. பீச் ஸ்டேஷனில் ஏறிப் பிரித்தால் செங்கல்பட்டு வருவதற்குள் குற்றவாளி சிக்கிவிடுவான். நீங்கள் இறங்க வேண்டிய ஸ்டேஷனைத் தவற விட்டால் நிருபர் பொறுப்பல்ல!

ருசி ஏறியதும் சுஜாதாவுக்கு வாங்க. 1968-ல் குமுதத்தில் வந்த 'நைலான் கயிறு' ஒரு நல்ல ஆரம்பம். அடுத்தது 'கொலையுதிர் காலம்'. பேயா, விஞ்ஞானமா என்று கணேஷும் வசந்தும் மண்டையை உடைத்துக் கொள்வார்கள். ராத்திரி தனியாகப் படிக்க வேண்டாம்.

கல்லில் ஒரு எப்.ஐ.ஆர்.

'பொன்னியின் செல்வன்' என்றால் "அய்யோ, 5 பாகமா?" என்று பயப்படுகிறார்கள். என் கண்ணுக்கு அது ஒரு கொலை வழக்கு, சார்! ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்?

காட்டுமன்னார்கோவிலில் உடையார்குடி கோயில் கல்வெட்டில் கொலைகாரர்களின் பெயர் இருக்கிறது. அவர்கள் சொத்து பறிபோன விவரமும் இருக்கிறது. 1,000 வருஷம் ஆகியும் அழியாத எப்.ஐ.ஆர்! ஆனால் ஏன் கொன்றார்கள் என்பது மட்டும் அதில் இல்லை. அந்த ஓட்டையில்தான் கல்கி புகுந்து விளையாடினார். 2022, 2023-ல் வந்த படங்களைப் பார்த்தவர்களும் படிக்கலாம். படத்தில் வராத சங்கதி புத்தகத்தில் ஏராளம்.

இன்னும் பழசு வேண்டுமா? 1879-ல் வெளிவந்த 'பிரதாப முதலியார் சரித்திரம்' இருக்கிறது. தமிழின் முதல் நாவல். எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை முன்சீப்பாக இருந்தவர். நாயகி ஞானாம்பாள் ஆண் வேஷம் போட்டு ராஜாவாகவே ஆகிவிடுகிறாள்! நடை பழசுதான். முதல் 20 பக்கம் பொறுத்துக்கொண்டால் அப்புறம் சிரித்துக்கொண்டே போகலாம்.

10 வரியில் விட்டது

இப்போது என் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன்.

குடிநீர் செய்தி என்றால் நான் எழுதுவது 10 வரி. லாரி வரவில்லை. பெண்கள் காலிக் குடங்களுடன் மறியல். போக்குவரத்து பாதிப்பு. போலீசார் சமாதானம். முடிந்தது.

அசோகமித்திரனின் 'தண்ணீர்' நாவலைப் படித்த அன்று எனக்கு வெட்கமாகிவிட்டது. தண்ணீர்ப் பஞ்சத்தில் தவிக்கும் அந்தக் காலத்துச் சென்னை. அதில் ஜமுனா என்று ஒரு பெண். குடம் மட்டுமா அவளுக்குப் பாரம்? மறியல் முடிந்து வீட்டுக்குப் போன பெண் என்ன செய்தாள் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

அடுத்த மறியலில் கேட்டேன். "இங்க நின்னதுல இன்னிக்கு வேலைக்குப் போகல தம்பி. ஒரு நாள் சம்பளம் போச்சு" என்றார் ஒரு அம்மா. அந்தச் செய்தி 14 வரி வந்தது. ஆசிரியர் குழுவில் யாரும் வெட்டவில்லை.

மளிகைக் கடை அண்ணாச்சிகளுக்கும் ஒன்று சொல்கிறேன். தினமும் உப்பு விற்கிறீங்க. ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' படிங்க. தூத்துக்குடி உப்பளத்தில் வெயிலில் காய்கிறவர்கள் கதை அது. படித்தபிறகு உப்புப் பாக்கெட்டை அப்படியே தூக்கிப் போட மனசு வராது.

உங்க காசு சார்!

"புத்தகம் விற்கிற விலையில் எங்கே வாங்குவது?" என்பீர்கள். வாங்கவே வேண்டாம்!

சொத்து வரி கட்டும்போது நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறீர்கள். வாடகை வீட்டுக்காரர் தப்பித்தார் என்று நினைக்க வேண்டாம். அவர் காசும் வாடகையாகப் போய் அதில்தான் சேருகிறது. 1948-ல் வந்த நூலகச் சட்டம் இது. காசு கட்டிவிட்டு சாப்பாடு சாப்பிடாமல் ஓட்டலை விட்டு வெளியே வருவீர்களா? அதைத்தான் பல வருஷமாகச் செய்துகொண்டிருக்கிறோம்.

போன வாரம் ஒரு கிளை நூலகத்துக்குப் போனேன். பேப்பர் படிக்கும் மேஜையில் 4 பெரியவர்கள். நாவல் அலமாரி பக்கம் ஒருவரும் இல்லை. மேல் தட்டில் விரலை வைத்தேன். தூசி.

ஆள் வராத இடத்துக்கு "யாரும் வருவதில்லை" என்று எழுதிப் பூட்டுப் போட எத்தனை நேரம் ஆகும்? பூட்டிய பிறகு நீங்கள் மறியல் செய்தால் நானும் வருவேன். 10 வரி எழுதுவேன்.

அதற்கு முன்னால் இந்த சனிக்கிழமை போய் கார்டு போட்டு ஒரு நாவல் எடுங்க. எந்த நாவலாக இருந்தாலும் சரி.