நாய் பிஸ்கட்டும் கிடங்குப் பூனையும்

இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பகுதிகளில் சரக்குக் கிடங்கு வைத்திருப்போர் காவலுக்கு நாயும், எலிக்குப் பூனையும் வளர்ப்பதுண்டு. நாய்க்கு வேளை தவறாமல் தீனி கிடைக்கிறது. கடையில் விற்கும் நாய் பிஸ்கட்டும் கிடைக்கிறது. பூனைக்குத் தனித் தட்டுக்கூட இருப்பதில்லை. பசித்த பூனை நாயின் பிஸ்கட்டைத் தின்றுவிட்டால் 'திருட்டுப் பூனை' என்று விரட்டுகிறார்கள். இது நியாயமன்று. தீனி வைக்காதவர் மீதே குற்றம்.

ஒன்றிரண்டு பிஸ்கட் தின்றதால் பூனைக்குப் பொதுவாகக் கெடுதல் நேராது. தண்ணீர் வைத்தால் போதும். ஆனால் வெங்காயம், பூண்டு, சாக்லேட் சேர்ந்த பண்டமாயின் கவனம் தேவை. வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்த அணுக்களை அழிக்கும். நாய்க்கான மருந்து கலந்த பண்டத்தைத் தின்றிருந்தால், அதன் உறையுடன் பூனையை உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை உள்ளது.

நாய் தீனியே பூனைக்கு அன்றாட உணவாகிவிடுவதுதான் பெரிய ஆபத்து. டாரின் என்ற சத்தை நாயின் உடல் பெரும்பாலும் தானே தயாரித்துக்கொள்ளும். பூனையின் உடலால் தேவையான அளவு தயாரிக்க இயலாது. இறைச்சி, மீன் மூலமே பெற வேண்டும். இச்சத்துக் குறைந்தால் பூனையின் விழித்திரை கெடும் என்பதை அமெரிக்க ஆய்வாளர்கள் 1975-ல் கண்டறிந்தனர். இதயத் தசை நலிந்து இதயம் வீங்குவதற்கும் இக்குறைவு காரணம் என்பது 1987-ல் தெரியவந்தது. சத்தைக் கொடுத்தால் இதயம் தேற வாய்ப்புண்டு. கெட்ட கண் திரும்பாது. இக்கேடு பல மாதங்கள் வெளியே தெரியாமல் வளரும் என்பதால், பூனை கொழுகொழுவென்று இருப்பதைக் கண்டு ஏமாறக்கூடாது.

காசிமேடு மீன்பிடித் துறைமுகம் அருகிலிருக்க, இப்பகுதியில் பூனைத் தீனிக்குப் பஞ்சமில்லை. விலை குறைந்த சிறு மீன்களை வாங்கி, உப்பு, மசாலா சேர்க்காமல் வேகவைத்து, முள் நீக்கிக் கொடுக்கலாம். டாரின் தண்ணீரில் கரையும். ஆகவே வேகவைத்த நீரைக் கொட்டாமல் அதனுடன் சேர்த்தே ஊற்ற வேண்டும். சில மீன்களைப் பச்சையாகத் தொடர்ந்து போட்டால், தயாமின் என்ற உயிர்ச்சத்துக் குறைந்து நரம்புத் தளர்ச்சி உண்டாகும். மீன் மட்டுமே போடாமல் முட்டையும் கோழி ஈரலும் இடையிடையே சிறிதளவு தருவது நலம். தட்டை நாய்க்கு எட்டாத உயரத்தில் வைத்தால் சண்டையும் இராது.

"வயிறு நிறைந்தால் பூனை எலி பிடிக்காது" என்று கூறுவோர் உண்டு. இது தவறான எண்ணம். வேட்டை பூனையின் பிறவிக் குணம். பசி மட்டுமே அதைத் தூண்டுவதில்லை. பட்டினி கிடக்கும் பூனை தீனி தேடி வேறிடம் போய்விடும். கிடங்கு எலிக்குத்தான் சொந்தமாகும். மூட்டைகளைக் காக்கும் பூனைக்கு ஒரு பிடி மீன் வைப்பது தருமமன்று. வேலைக்குரிய கூலியே ஆகும்.