வீடு விற்றலும் இணையத் தரகும்

சேலத்தினின்று திருச்செங்கோட்டிற்குச் செல்லும் வழியில் உள்ளது ஆட்டையாம்பட்டி. அவ்வூரின் பெயரைக் கேட்ட அளவில் நம் மாணவர் பலர்க்கு நாவில் நீர் ஊறும். ஆண்டுக் கைம்முறுக்கின் பெருமை அத்தகையது. அம்முறுக்கை இந்நாளில் இணையத்தின் வாயிலாகவே தருவித்து உண்ணலாம். ஒன்றைக் கடித்துப் பார்த்த அளவில் அதன் குணம் விளங்கிவிடும். சுவை குன்றியிருப்பினும் போனது சில ரூபாயே. அவ்வாறே அவ்வூர் வீட்டையும் இருந்த இடத்திலிருந்தே விற்கலாம், வாங்கலாம் என்று சொல்லப்படுகின்றது. இதனைக் குறித்து நாம் சில சொல்ல விரும்புகின்றோம். அதற்குக் காரணம் அண்மையில் நம் நண்பர் ஒருவர்க்கு நேர்ந்ததொரு நிகழ்ச்சி.

நண்பரின் தந்தையார் தறி நெய்து மூன்று மக்களை வளர்த்தவர். மனைவியார் முன்னரே காலஞ்சென்றுவிட, அவரும் உயில் எதுவும் எழுதாமலே மறைந்தார். நண்பர் பெங்களூரில் அலுவல் பார்க்கின்றார். அவர் தம்பி திருப்பூரில் இருக்கின்றார். தமக்கையார் மல்லசமுத்திரத்தில் வாழ்க்கைப்பட்டவர். பூட்டிக் கிடந்த வீட்டின் ஓடு சரியத் தொடங்கவே, சகோதரர் இருவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, கைப்பேசியிற் படம் பிடித்து, இணையத் தரகு நிலையம் ஒன்றில் அவ்வீட்டை விற்பனைக்கு ஏற்றினர்.

அந்நிலையத்தார் நிரப்பச் சொன்ன படிவத்தைப் பற்றி நண்பர் கூறியது கேட்கத்தக்கது. படுக்கையறை எத்தனை, குளியலறை எத்தனை, மகிழுந்து நிறுத்த இடம் உண்டா, எத்தனையாவது மாடி என்றெல்லாம் அதில் வினா இருந்தது. தறிக்கூடத்தை எக்கட்டத்தில் எழுதுவது? வீட்டின் பாதியை அடைத்துக்கொண்டு, தந்தையார் நாற்பதாண்டு காலைத் தொங்கவிட்டு அமர்ந்திருந்த குழித்தறியின் இடம் அது. குழியைப் பின்னர் மூடிவிட்டனர். வேறு வழியின்றி ‘கூடம் ஒன்று’ என எழுதினராம். மேற்குச் சுவர் அண்டை வீட்டாருடன் பொதுவென்பதையும், கொல்லைக்குச் செல்லும் சந்து பங்காளிகள் மூவர்க்கும் பொதுவென்பதையும் எழுத இடமே இல்லை. இறுதியில், ‘நீர் உரிமையாளரா?’ என்று ஒரு வினா. அதற்கு நேரே ஒரு சிறு கட்டம். அதனைத் தொட்டவுடன் வேலை முடிந்தது.

நிற்க. இந்நிலையங்களின் வரலாற்றைச் சிறிது காண்போம். நம் நாட்டில் 2005-ல் 99ஏக்கர்ஸ் என்பதும், 2006-ல் மேஜிக்பிரிக்ஸ் என்பதும் தோன்றின. 2012-ல் மும்பை ஐ.ஐ.டி.யிற் பயின்ற இளைஞர் சிலர் ஹவுசிங் என்பதனைத் தொடங்கினர். தரகரே வேண்டா என்பதைத் தன் பெயராகவே கொண்ட நோபுரோக்கர் 2014-ல் பெங்களூரில் எழுந்து, 2021-ல் நூறு கோடி டாலர் மதிப்புள்ள நிறுவனமாயிற்று. பெருநகரங்களிலே வாடகை வீடு தேடி அலைந்தோர் இவற்றால் பயனடைந்தனர் என்பதில் ஐயமில்லை. மாதவாடகை ஒன்றைத் தரகாகக் கொடுத்துக் கொடுத்துச் சலித்தவர்கள் அவர்கள்.

ஊர்த் தரகரைப் புகழ்ந்து, புதியதை இகழ்வதற்காக நாம் எழுதப் புகுந்தோமல்லோம். ஊர்த் தரகர் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ இரு தரத்தாரிடமும் பெறுவார். விற்பவரிடம் ஒரு விலையும் வாங்குபவரிடம் ஒரு விலையும் கூறி, இடைப்பட்டதை மடியிற் கட்டிக்கொள்வாரும் உளர். இவற்றினும் கொடியதொன்றுண்டு. இன்ன தெருவில் இன்னார்தாம் வீடு வாங்கலாம் என்னும் எழுதாச் சட்டத்தை அவர் வாய்திறவாமலே காத்து வருவார். விற்பவர் எவர்க்கும் விற்கச் சித்தமாயிருந்தாலும், தெருவார்க்கு ஒவ்வாதவர் ஒருவரை அவர் அழைத்து வாரார். இணையத்திலோ படத்தைப் பார்ப்பவர் எவரென்று தெருவாரைக் கேட்பதில்லை. இவ்வொன்றன் பொருட்டே இப்புதுமையை வரவேற்கலாம் என்பது நம் கருத்து.

ஆயினும், ஊர்த் தரகரிடத்து ஒன்று இருந்தது. அவர் வீட்டை அறிவதற்கு முன்னரே வீட்டாரை அறிவார். எந்தப் பங்காளிக்கு மனத்தாங்கல், எந்தப் பத்திரம் எவரிடம் அடகில் உள்ளது, எத்தனை பெண்மக்கள் எவ்வூரில் உள்ளனர் என்பன அவர்க்குத் தெரியும். இவற்றை மறைத்துப் பொருள் ஈட்டுவாரும் உண்டெனினும், அறியாமல் தவறு செய்தல் அரிது. இணைய நிலையமோ இவற்றுள் ஒன்றனையும் அறியாது, அறிந்துகொள்ளக் கேட்பதுமில்லை.

நண்பரின் கதைக்குத் திரும்புவோம். விளம்பரம் வெளிவந்த அன்றே தொலைபேசி ஒலிக்கத் தொடங்கியது. அழைத்தோருட் பெரும்பாலார் வாங்குவோர் அல்லர். வாங்குவோர் போலப் பேசிய தரகர்கள்! தரகரைத் தவிர்க்கவேண்டி ஏற்றிய விளம்பரம், ஊர்த் தரகர் ஒருவர்க்கு மாறாக ஊர் பேர் அறியாத தரகர் பதின்மரைக் கொணர்ந்தது. தம்மை இராணுவ அதிகாரி என்று கூறிக்கொண்ட ஒருவர், வீட்டைப் பாராமலே அச்சாரம் அனுப்புவதாகச் சொல்லி, ஒரு கட்டப்படத்தை அனுப்பி, அதனைக் கைப்பேசியால் நோக்கி இரகசிய எண்ணை இடுமாறு வேண்டினார். நண்பரின் தம்பிமகன் அருகிலிருந்து தடுத்திராவிடில், பணம் வருவதற்கு மாறாகப் போயிருக்கும். பணம் பெறுவோர் இரகசிய எண்ணை இடவேண்டுவதே இல்லை என்பதை நம் மாணவர்கள் தத்தம் வீட்டு முதியோர்க்குச் சொல்லிவைப்பது நன்று. ஏமாந்தவர்கள் காலந்தாழ்த்தாமல் 1930 என்னும் எண்ணிற்கு அறிவித்தல் வேண்டும்.

ஐந்தாம் நாள் மல்லசமுத்திரத்தினின்று தமக்கையார் அழைத்தார். அவர் மகன் ஏதோ வீட்டுமனை தேடிக் கைப்பேசியைப் புரட்டியபோது, அறிந்த வாசற்கதவு ஒன்று திரையில் தோன்றியதாம். “ஏஞ்சாமி, நம்ம வீட்டுக்கு விலை போட்டிருக்கீங்களாமே, எனக்கும் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?” என்று அவர் கேட்டார். நண்பர் சட்டம் அறியாதவரல்லர், கல்லூரியிற் பயின்றவர். ஆயினும், மணத்தின்போதும் பின்னரும் சீர் செய்தாயிற்று, அக்காள் கேட்க மாட்டார் என்று இருந்துவிட்டார். கேட்கமாட்டார் என்பது வேறு, உரிமையில்லை என்பது வேறு என்பதை அன்று உணர்ந்ததாக நம்மிடம் தலைகுனிந்து கூறினார்.

சட்டம் யாது கூறுகின்றது? 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, தந்தை உயிலின்றி இறந்தால் அவர் தாமே ஈட்டிய சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு உண்டு. ஆனால் குடும்பத்தார் வாழும் வீட்டைப்பற்றி மட்டும் அச்சட்டத்தின் 23-ஆம் பிரிவு ஒரு தடை வைத்திருந்தது: ஆண்மக்கள் தாமாகப் பிரித்துக்கொள்ள விரும்பினாலன்றி, மகள் தன் பங்கைப் பிரித்துக் கேட்கலாகாது. பங்கு உண்டு, கேட்க வாயில்லை! 2005 செப்டம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் அப்பிரிவை நீக்கிவிட்டது. பரம்பரைக் கூட்டுச் சொத்தில் மகளுக்கும் பிறப்புரிமை தருவதில் நம் தமிழ்நாடு முந்திக்கொண்டு, 1989 மார்ச் 25 முதலே அதுவரை மணமாகாத பெண்களுக்கு அவ்வுரிமையை அளித்தது. 2005 திருத்தம் அவ்வுரிமையை நாடெங்கும் விரித்தது. அத்திருத்தம் நடைமுறைக்கு வந்தபோது தந்தை உயிருடன் இருந்திருக்கவேண்டுவதில்லை என்பதை 2020-ல் உச்சநீதிமன்றம் தெளிவாக்கியது. ஆகவே சகோதரர் இருவர் மட்டும் கையெழுத்திட்டு அவ்வீட்டை விற்றிருந்தால், விலைபோவது மூன்றில் இரண்டு பங்கே. எஞ்சிய ஒரு பங்கு, வாங்கினவர் தலைமேல் வழக்காய் நிற்கும்.

‘வில்லங்கச் சான்று பார்த்தால் போதாதா? அதுதான் பதிவுத்துறையின் இணையத்தளத்திலேயே கட்டணமின்றிப் பார்க்கக் கிடைக்கின்றதே’ என்பார் உளர். பார்க்கவேண்டியதே. ஆனால் அதில் தெரிவன பதிவான பத்திரங்கள் மட்டுமே. பதிவு செய்யாத வாய்ப்பாகமும், மகளின் வாரிசுப் பங்கும் அதில் ஓர் எழுத்தாகவும் தோன்றா. வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றில் தமக்கையார் பெயர் தோன்றும். அதனை இணைய நிலையத்தார் கேட்டிலர்.

2016-ஆம் ஆண்டின் மனைவணிக ஒழுங்குச் சட்டம் இதற்குக் காவலாகாதோ எனின், பெரிதும் ஆகாது. அச்சட்டப்படி பதிவுபெற்ற மனைத்திட்டங்களையும் அடுக்குவீடுகளையும் விற்க இடைநிற்கும் முகவர், தாமும் பதிவு செய்துகொள்ளல் வேண்டும். பல்லாண்டு நின்ற ஓட்டுவீட்டை உடையவர் விற்பது அவ்வலையில் அகப்படுவதன்று. இதற்குப் பொருந்துவது 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம். வாங்குபவர் இயல்பான கவனத்தால் கண்டறிய இயலாத குறை வீட்டிலோ உரிமையிலோ இருந்து, அது விற்பவர்க்குத் தெரியுமாயின், அவர் அதனை வெளிப்படுத்தியே தீரவேண்டும் என அதன் 55-ஆம் பிரிவு கூறுகின்றது. கைப்பேசி தோன்றுவதற்கு ஏறத்தாழ நூறாண்டுக்கு முற்பட்ட இவ்வொரு பிரிவை அப்படிவத்தில் ஒரு கட்டமாக வைத்திருந்தால், நண்பர் ஐந்து நாள் முன்னரே விழித்திருப்பார்.

மேல்நாட்டார் இதில் நம்மினும் முந்தியவராயிற்றே, அவர்கள் கண்டதென்ன? இங்கிலாந்தில் சகோதரர் இருவர் 2012-ல் நிறுவிய பர்ப்பிள்பிரிக்ஸ் என்னும் இணையத் தரகு நிலையம், நூற்றுக்கு இத்தனை என்னும் தரகை விடுத்து ஒரு குறித்த தொகையை வாங்கியது. வீடு விற்றாலும் விற்காவிடினும் அத்தொகை செலுத்தவேண்டியதே. பங்குச்சந்தை ஏறி, கடல்கடந்து ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் கடை விரித்து, 2019-ல் அவ்விரண்டையும் மூடி, 2023-ல் அதன் தொழில் ஒரே ஒரு பவுனுக்குக் கைமாறியது. ஓர் ஆட்டையாம்பட்டி முறுக்குப் பொட்டலத்தின் விலை! அமெரிக்காவில் ஜில்லோ என்னும் நிறுவனம் எந்திரக் கணக்கைக்கொண்டு விலை மதித்துத் தானே வீடுகளை வாங்கி விற்கத் தொடங்கி, கணக்குப் பிழைத்துப் பெருநட்டம் அடைந்து, 2021-ல் அத்தொழிலைக் கைவிட்டது. ஒரே அச்சில் வார்த்த வீடுகள் வரிசையாய் நிற்கும் நாட்டிலேயே இவ்வாறெனின், தறிக்கூடத்தையும் பொதுச்சுவரையும் எந்த எந்திரம் மதிப்பிடும்?

ஆதலின் நாம் கூறுவது இது. இணையத் தரகைப் பறையறைவோனாகக் கொள்ளலாம்; சாட்சியாகக் கொள்ளலாகாது. இன்ன வீடு விலைக்குண்டு என்று எட்டுத் திக்கிற்கும் அறிவிப்பதில் அதற்கு நிகரில்லை. உரிமை எவர்க்குண்டு என்னும் வினாவை விளம்பரத்திற்கு முன்னரே வீட்டார் கூடித் தீர்த்துக்கொள்ளல் வேண்டும். நம் கல்லூரியினின்று வெளிப்போந்தோர் பலர் வெளியூர்களில் வீடு கட்டி நிலைத்துவிட்டனர். பிறந்த ஊர் வீட்டை என்றேனும் விற்கவே நேரும். அவர்கள் படம் பிடிப்பதற்கு முன், உடன்பிறந்தாள் வீட்டிற்கு ஒருமுறை செல்வார்களாக. மூலப்பத்திரமும், பட்டாவும், வாரிசுச் சான்றும் கைவசம் உள்ளன என்றும், சுவரும் சந்தும் பொது என்றும் விளம்பரத்திலேயே எழுதுவார்களாக. அழைப்போர் தொகை குறையும். வருவோர் வாங்கவே வருவர். அச்சாரம் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ஆயின், அதனை ரொக்கமாகப் பெறுதல் 2015 ஜூன் முதல் சட்டத்திற்கு மாறானது என்பதையும் மறவற்க.

நண்பர் மறு ஞாயிறே மல்லசமுத்திரம் சென்றார். அங்கு நடந்த பேச்சை நாம் எழுத உரிமையுடையோமல்லோம். மூன்றில் ஒரு பங்கு தமக்கையார்க்கு என முடிந்தது என்று மட்டும் கூறுவோம். பின்னர் துபாயில் வேலைபார்க்கும் ஓர் இளைஞர் விளம்பரத்தைக் கண்டு எழுதினார். அவருடைய தாய்மாமன் வெண்ணந்தூரினின்று பேருந்தேறி வந்து, வீட்டிற்குட் புகாமல், முதலில் தெருமுனைத் தேநீர்க்கடையில் அரைமணி அமர்ந்து, ‘பொண்ணு கையெழுத்துப் போடுமா?’ என்று விசாரித்த பின்னரே கதவைத் தட்டினாராம். சார்பதிவாளர் அலுவலகத்தில் மூவரும் விரல்ரேகை வைத்தனர். தமக்கையார் சாவியைக் கொடுக்குமுன், தறிக்கூடத்துச் சுவரில் தந்தையார் கணக்கெழுதிய கரிக்கோடுகளைத் தம் மகனைக்கொண்டு படம் பிடித்துக்கொண்டார்.

பத்திரம் பதிவாகி ஏழு திங்கள் கடந்தன. விளம்பரத்தை எடுத்துவிடுமாறு நண்பர் இருமுறை எழுதியும், அவ்வீடு அந்நிலையத்தில் இன்றும் விற்பனைக்கு நிற்கின்றது. கூடம் ஒன்று, படுக்கையறை இரண்டு.