அப்பாவுக்குப் புரியாத ஒரு வரி!

எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். ஒரத்தநாட்டுப் பக்கம் வயல்தான் எங்கள் பிழைப்பு. பிரதமர் கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு ரூ.6,000 வருகிறது. அதற்கான இ-கே.ஒய்.சி.யை முடிக்க ஒரு வழி, ஆதாரோடு இணைத்த கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி.

அப்பாவுக்கு எண்கள் தெரியும். ஆனால் ஓ.டி.பி.யோடு 'யாரிடமும் சொல்லாதீர்' என்று இங்கிலீஷில் வரும் வரி புரியாது. போன மாதம் யாரோ போனில் கேட்க, ஆறு எண்ணில் நாலைச் சொல்லிவிட்டார். "இருங்க, தம்பி வரட்டும்" என்று அம்மா போனைப் பிடுங்கியதால் தப்பித்தோம்!

இப்போது சில நிறுவனங்கள் ஓ.டி.பி.யை வாட்ஸ்அப்பில் அனுப்புகின்றன. நல்லதுதான். ஆனால் அப்பாவின் பட்டன் போனில் வாட்ஸ்அப் ஏது? எனவே எஸ்.எம்.எஸ்.ஸும் தொடர வேண்டும். எதில் வந்தாலும் எச்சரிக்கை தமிழில் வேண்டும்.

ஒரு எஸ்.எம்.எஸ்.ஸில் ஆங்கிலம் என்றால் 160 குறியீடு, தமிழ் என்றால் 70தான். செலவு கூடும் என்பார்கள். 'யார் கேட்டாலும் சொல்லாதீர்கள்' என்று எழுத 70 போதாதா?

அதுவரை நாம்தான்... இந்த லீவில் வீட்டில் எல்லோருக்கும் அந்த ஒரு வரியைச் சொல்லிக் கொடுப்போம். பணம் போனால் உடனே 1930க்குப் போன் செய்யச் சொல்வோம். படித்தவன் கடமை அதுதானே!