ரொக்கம் மக்களின் உரிமை!

மதுரை–தூத்துக்குடி நெடுஞ்சாலையில், கரிசல் காட்டில், எப்போதும்வென்றான் என்றோர் ஊர் இருக்கிறது. பெயரில்தான் வெற்றி! வானம் பார்த்த பூமியில் உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் விதைக்கும் அந்த வட்டாரத்து விவசாயியை ஓராண்டு மழை தோற்கடிக்கும். மறு ஆண்டு விலை தோற்கடிக்கும். 2016-ல் அந்த வரிசையில் அரசாங்கமும் சேர்ந்துகொண்டது.

அவ்வாண்டு நவம்பர் 8 இரவு, 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று பிரதமர் அறிவித்தார். புழக்கத்திலிருந்த நோட்டுகளின் மதிப்பில் 86 விழுக்காடு ஒரே இரவில் வெறும் காகிதமானது. ஆறே நாளில், மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிகள் பழைய நோட்டுகளை வாங்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி தடை போட்டது. விவசாயி நம்பியிருந்த வங்கியே அதுதான்! வடகிழக்குப் பருவமழையும் பொய்த்த ஆண்டு அது. பட்ட காலிலேயே பட்டது. கறுப்புப் பணம் ஒழிந்ததா? 99.3 விழுக்காடு நோட்டுகள் திரும்பி வந்துவிட்டன என்று 2018-ல் ரிசர்வ் வங்கியே ஒப்புக்கொண்டது.

இன்று டீக்கடையிலும் க்யூஆர் அட்டை தொங்குகிறது. வெளியூரில் வேலை பார்க்கும் மகன் நொடியில் தாய்க்குப் பணம் அனுப்புகிறான். சில்லறைத் தகராறு குறைந்திருக்கிறது. இந்த நன்மைகளை நாம் மறுக்கவில்லை. ஆனால், வசதி வேறு; கட்டாயம் வேறு.

தீப்பெட்டி ஆபீசுக்குப் போகும் பெண்ணிடம் இருப்பது பட்டன் போன். வீட்டிலுள்ள ஒரே ஸ்மார்ட்போன் கணவனின் சட்டைப் பையில் இருக்கிறது. அவளது கூலி அந்தப் போனுக்குள் போனால், அது யாருடைய கூலி? கண் மங்கிய முதியவர் தம் ரகசிய எண்ணை அடுத்தவரிடம் சொல்லித்தான் பணம் கொடுக்க முடியுமென்றால், அதில் ரகசியம் ஏது?

2025 ஏப்ரல் 12 சனிக்கிழமை யுபிஐ சேவை நாடெங்கும் பல மணி நேரம் தடுமாறியது. எட்டயபுரம் ஆட்டுச் சந்தை கூடுவதும் சனிக்கிழமைதான். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்திய சந்தையில் இப்படி நேர்ந்தால் ஆட்டை ஓட்டி வந்தவர் என்ன செய்வார்? அன்று மடியிலுள்ள காசுதானே கை கொடுக்கும்!

ரொக்கத்தை ஏறக்குறைய மறந்துவிட்ட சுவீடனே, பெரிய வங்கிகள் ரொக்கச் சேவை தர வேண்டும் என்று 2021 முதல் சட்டப்படி கட்டாயமாக்கியது. கடைகளில் ரொக்கம் கொடுக்கும் உரிமையை நார்வே 2024-ல் சட்டத்தால் வலுப்படுத்தியது. பணக்கார நாடுகளுக்கே இந்த விழிப்பு வந்திருக்க, நமக்கு ஏன் தயக்கம்?

எனவேதான் கேட்கிறோம்: அரசு அலுவலகம், பேருந்து, மருத்துவமனை எங்கும் ரொக்கத்தை மறுக்கக்கூடாது என்று சட்டம் செய்யுங்கள். கிராமத்து ஏடிஎம்களில் 100 ரூபாய் நோட்டுகள் தட்டுப்பாடின்றிக் கிடைக்கச் செய்யுங்கள். கூலியை எப்படிப் பெறுவது என்பதை உழைப்பவரே முடிவு செய்யட்டும்.

நம் சமுதாய வணிகர்களுக்கும் ஒரு வார்த்தை: நோட்டை நீட்டும் ஏழையின் கையைத் திருப்பி அனுப்பாதீர்கள். அது பிச்சையல்ல; அவர் உழைப்பின் விலை!