எந்த மின்னஞ்சல் மென்பொருள் நல்லது?



"பார்க்க அழகா இருக்கு, இதையே போட்டுடலாம்" என்றுதான் எங்கள் வீட்டுக் கணினிக்கு மின்னஞ்சல் மென்பொருளைத் தேர்ந்தெடுத்தோம். போன மாதம் கணினி பழுதானது. கடையில் ஃபார்மட் செய்து கொடுத்தார்கள். துபாயிலிருந்து மாமா எழுதிய மடல்கள் எல்லாம் போச்சு! அம்மா அன்று சரியாகச் சாப்பிடவே இல்லை.

காரணம் என்ன தெரியுமா? நாங்கள் வைத்திருந்தது பாப் முறை. அதில் மடல் நம் கணினிக்கு இறங்கிவிடும். "சர்வரிலும் நகல் இருக்கட்டும்" என்று குறிக்காவிட்டால் அங்கே அழிந்துவிடும். ஐமேப் முறையில் மடல் சர்வரிலேயே இருக்கும். கணினி கெட்டாலும் மடல் பிழைக்கும். ஆனால் ஒன்று, நாமே அழித்தால் அங்கேயும் அழியும்!

விண்டோஸோடு வந்த மெயில் செயலிக்கு ஆதரவு 2024 டிசம்பர் 31-உடன் முடிந்துவிட்டது. அதனால் பல வீடுகளில் வேறு தேட வேண்டியிருக்கிறது. என் ஓட்டு மொசில்லா தண்டர்பேர்டுக்கே! 2004-இல் 1.0 பதிப்பு வந்தது. இலவசம். விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஓடும்.

எதைப் போட்டாலும் ஐமேப் வையுங்கள். முக்கியமான மடல்களைப் பென்டிரைவிலும் எடுத்து வையுங்கள். மடல் எங்கே தங்குது என்று முதலில் பாருங்கள். அழகை அப்புறம் பார்க்கலாம்!

- 9-ஆம் வகுப்பு மாணவி