நிலத்தோடு சேர்ந்த புதையல்



2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில், ஜி.பி.எஸ். சமிக்ஞைகளில் வேண்டுமென்றே புகுத்தி வைத்திருந்த பிழையை அமெரிக்க அரசு நீக்கியது. அதுவரை ஏறத்தாழ நூறு மீட்டர் வரை தடுமாறிய பொதுமக்களின் கருவிகள் பல மடங்கு துல்லியம் பெற்றன. மே 3ஆம் தேதி டேவ் உல்மர் என்பவர், ஆரிகன் மாநிலத்தின் பீவர்கிரீக் அருகே ஒரு வாளியில் சில பொருட்களையும் ஒரு குறிப்பேட்டையும் மறைத்து வைத்து, அவ்விடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் அறிவித்தார். கண்டுபிடிப்பவர் ஒன்றை எடுத்துக்கொண்டு, வேறொன்றை வைத்து, குறிப்பேட்டில் எழுத வேண்டும். இவ்வாறு பிறந்ததே ஜியோகேச்சிங் என்னும் புதையல் தேடும் விளையாட்டு.

இதைக் கோமுகி ஆற்றின் பள்ளத்தாக்கிற்குக் கொண்டுவரலாமா? தாராளமாகக் கொண்டுவரலாம் என்பதே என் கருத்து. ஆனால் டப்பாவைக் கொண்டுவர வேண்டாம்.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலைமேல் ஏறுவோரில் பலர் நேராக அருவிக்குச் செல்கிறார்கள். குளிக்கிறார்கள், படமெடுக்கிறார்கள், திரும்பிவிடுகிறார்கள். வழியில் விட்டுவந்த ஆற்றை அவர்கள் அறிவதில்லை. மலையில் பிறந்து, அடிவாரத்து அணையில் தங்கி, சமவெளி வயல்களுக்குப் பாய்ந்து, மணிமுக்தாவோடு கூடி, வெள்ளாற்றின் வழியாகப் பரங்கிப்பேட்டை அருகே கடலைச் சேரும் நீர் அது. ஓர் இடத்தில் நின்று உற்றுப் பார்க்க வைக்கும் எந்த விளையாட்டும் இத்தகைய அவசரத்திற்கு நல்ல மருந்தே.

அப்படியிருக்க, டப்பா ஏன் கூடாது? மழைக்காலத்தில் ஓடை பெருகினால், பாறையிடுக்கில் வைத்த பிளாஸ்டிக் பெட்டி வெள்ளத்தோடு கீழே போகும். உணவென்று எண்ணிக் குரங்கு அதைக் கடித்துப் பிரிக்கும். காப்புக்காட்டில் அனுமதியின்றி நுழைவதே குற்றம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கி மாண்டதை நாம் மறக்கலாகாது. வெறும் எண்களை நம்பிப் பாதையை விட்டு விலகுகிறவனுக்குக் காட்டின் காய்ந்த புல்லைப் பற்றிக் கருவி எச்சரிக்கை செய்யாது.

இவ்விளையாட்டிலேயே இதற்கு ஒரு மாற்று உண்டு. 2004ஆம் ஆண்டு அமெரிக்கப் புவியியல் சங்கத்தின் துணையோடு எர்த்கேச் என்னும் வகை தொடங்கப்பட்டது. அதில் மறைத்து வைக்கும் பொருள் எதுவும் இல்லை. குறித்த இடத்திற்குச் சென்று, அங்குள்ள பாறையையும் நீரையும் மண்ணையும் கவனித்து, கேள்விகளுக்கு விடை அனுப்ப வேண்டும். நிலத்தைப் பொறுப்பேற்றிருப்பவரின் அனுமதியும் வேண்டும்.

கரியாலூர்ப் பக்கம், சாலையோரத்தில், பொதுமக்கள் செல்லக்கூடிய இடங்களிலேயே இதைச் செய்யலாம். மழைக்குப் பின் இந்த ஓடை எந்த நிறத்தில் ஓடுகிறது? அந்த மண் எந்தச் சரிவிலிருந்து வந்தது? கரையைப் பிடித்து வைத்திருக்கும் மரம் எது? இந்த ஓடையை ஊரார் எந்தப் பெயரால் அழைக்கிறார்கள்? பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோரே, கடைசிக் கேள்விக்கு விடை கைப்பேசியில் கிடைக்காது. ஒரு மனிதரிடம் வணக்கம் சொல்லி, நின்று, கேட்க வேண்டும்.

அந்த மனிதர் பெரும்பாலும் மலையாளிப் பழங்குடியினராக இருப்பார். கல்வராயன் மலை நெடுங்காலம் ஜாகீர்தார்களின் ஆட்சியில் இருந்தது; 1976ஆம் ஆண்டில்தான் அது முடிவுக்கு வந்தது. தாங்கள் உழுத நிலத்திற்கே பிறர் உரிமை கொண்டாடியதைக் கண்ட தலைமுறையினர் இன்னும் அங்கே வாழ்கிறார்கள். நம் திரையில் வெற்றிடமாகத் தெரியும் புள்ளி அவர்களுடைய சாமைக்கொல்லையாக இருக்கலாம். கேளாமல் அதில் கால் வைப்பது விளையாட்டாகாது.

நிலத்தில் மறைந்திருந்த பொக்கிஷத்தைக் கண்டவனைப் பற்றி இயேசு சொன்ன உவமையை நீங்கள் அறிவீர்கள். அவன் பொக்கிஷத்தை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. தனக்குண்டானவற்றை எல்லாம் விற்று, அந்த நிலத்தையே வாங்கினான். கல்லும் முள்ளும் மேடும் பள்ளமும் அவனுடைய பொறுப்பாயின. நிலம் வேண்டாம், பொக்கிஷம் மட்டும் போதும் என்கிறவனுக்கு அந்த உவமையில் இடமில்லை.

நாம் அந்த மலையை விலைக்கு வாங்கப் போவதில்லை. ஆயினும் அதன் அழகை அனுபவிக்கிறவர்கள் அதன் பாரத்திலும் பங்கு பெற வேண்டும். அடுத்த முறை கரியாலூருக்குச் செல்லும்போது ஒரு வெறும் பையை எடுத்துச் செல்லுங்கள். ஓடைக்கரையில் பிறர் எறிந்துபோன பாட்டில்களையும் உறைகளையும் அதில் நிரப்பிக் கீழே கொண்டுவாருங்கள். திரும்புமுன் அந்த ஓடையின் பெயரையும் கேட்டறிந்து வாருங்கள்.