புத்தக அலமாரிக்கும் பூசாரியா?

கோயிலில் சாமிக்கும் மனிதனுக்கும் நடுவில் ஒருவன் நின்றுகொண்டு, "நீ உள்ளே வரக்கூடாது, நான் கொடுப்பதை வாங்கிக்கொண்டு போ" என்று சொல்லுவதை நாம் வெகு காலமாகக் கண்டித்து வந்திருக்கின்றோம். ஆனால் அதே வேலையை ஒருவர் புத்தகசாலையில் குழந்தைக்கும் புத்தகத்துக்கும் நடுவில் நின்றுகொண்டு செய்தால், அது நம் கண்ணில் படுவதில்லை. பட்டாலும், "படித்தவர், அனுபவஸ்தர், பிள்ளையின் நன்மைக்குத்தானே சொல்லுகிறார்" என்று சமாதானம் சொல்லிக்கொண்டு போய்விடுகின்றோம். பூசாரியும் நம் நன்மைக்கென்றுதானே சொல்லிக்கொண்டிருந்தான்?

புத்தகசாலை அதிகாரிகள் குழந்தைகளுக்குப் புத்தகம் சிபார்சு செய்யவே கூடாது என்பது நம் அபிப்பிராயமல்ல. அது மிகவும் அவசியமான தொண்டாகும். ஆயிரக்கணக்கான புத்தகங்கள் அடுக்கி வைத்திருக்கும் இடத்தில் பத்து வயதுப் பிள்ளை எதை எடுக்கும், எதை விடும்? தாய் தகப்பன்மார் எழுத்தறியாதவர்களாயிருந்தால், அந்தப் பிள்ளைக்கு "இதைப் படித்துப் பார் தம்பி" என்று சொல்ல வேறு யார் இருக்கின்றார்கள்? நம்மைப் போல் பள்ளிக்கூடத்தை அதிகம் காணாமல் வாசகசாலைப் பெஞ்சியிலேயே படித்துக்கொண்டவர்களுக்கு அப்படிப்பட்ட ஒரு சொல்லின் அருமை நன்றாய்த் தெரியும். ஆகவே நாம் கேட்பதெல்லாம் ஒன்றுதான். அந்தச் சிபார்சு கதவைத் திறக்கின்றதா, அல்லது சாத்துகின்றதா?

இதைத் தெரிந்துகொள்ள அமெரிக்க நாட்டில் நடந்த சில சங்கதிகளை எடுத்துச் சொல்லுகின்றோம். குழந்தைகளுக்குப் புத்தகம் எடுத்துக் கொடுப்பதையே தனி உத்தியோகமாக ஆக்கி வளர்த்த தேசங்களில் அது முக்கியமானது. அதன் நன்மையும் தீமையும் அங்கே பகிரங்கமாகத் தெரிந்திருக்கின்றன.

சுமார் 130 வருஷங்களுக்கு முன் அந்நாட்டுப் பொதுப் புத்தகசாலைகள் பலவற்றில் குழந்தைகளுக்கு இடமே இல்லை. புத்தகத்தை அழுக்காக்கிவிடுவார்கள், சத்தம் போடுவார்கள் என்பதே காரணம். அந்தக் காலத்தில் ஆன் கரோல் மூர் என்கின்ற அம்மையார் 1896-ல் புரூக்ளினில் குழந்தைகளுக்கென்றே ஒரு அறையை நடத்த ஆரம்பித்தார். 1906 முதல் 1941 வரையில் நியூயார்க் பொதுப் புத்தகசாலையின் குழந்தைகள் பகுதிக்கு அவரே தலைவராக இருந்தார். குழந்தை உயரத்துக்கு மேசை நாற்காலி போட்டார். பிழைக்க வந்து குடியேறிய ஏழை மக்களின் தாய்மொழிகளிலும் புத்தகம் வாங்கி வைத்தார். தன் பெயரை எழுதத் தெரிந்த பிள்ளை, புத்தகத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுகிறேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகலாம் என்று செய்தார். இது சாமானியமான காரியமல்ல. சாத்தியிருந்த கதவைத் திறந்த வேலை. இதற்காக அவ்வம்மையாரைப் பாராட்டாதவர்கள் நன்றியில்லாதவர்களேயாவார்கள்.

ஆனால் கதவைத் திறந்தவரே நாளாவட்டத்தில் அந்தக் கதவுக்குக் காவல்காரராகவும் ஆகிவிட்டார். அவர் சொல்லும் புத்தகத்தைத்தான் மற்ற ஊர்ப் புத்தகசாலைகளும் வாங்கும், அவர் வேண்டாமென்றதைப் புத்தகம் போடுகின்றவர்களே போடப் பயப்படுவார்கள் என்கின்ற நிலைமை ஏற்பட்டது. ஈ. பி. வைட் என்ற ஆசிரியரைக் குழந்தைகளுக்கு எழுதும்படி தூண்டியவர்களில் அவரும் ஒருவர். அந்த வைட் ஒரு மனிதக் குடும்பத்தில் எலி போன்ற பிள்ளை பிறந்ததாக வைத்து "ஸ்டூவர்ட் லிட்டில்" என்ற கதையை எழுதினார். அம்மையார் அது அச்சாகி வெளிவருமுன்பே படித்துவிட்டு, வெளியிட வேண்டாமென்று கடிதம் எழுதினார். 1945-ல் அது வெளிவந்தது. குழந்தைகள் ஆசையோடு படித்தார்கள். அம்மையார் பயந்தபடி யாரும் கெட்டுப்போகவில்லை.

இதைவிட விசேஷமானது அடுத்த சங்கதி. அக்காலத்தில் குழந்தைப் புத்தக விஷயத்தில் இரண்டு கட்சிகள் இருந்தன. ராஜகுமாரன், தேவதை, மந்திரக்கோல் இவைதான் குழந்தைக்கு ஏற்றவை என்பது ஒரு கட்சி. மூர் அம்மையார் அதைச் சேர்ந்தவர். குழந்தை தினமும் பார்க்கின்ற வீடு, தெரு, வண்டி, சாமான் இவற்றைப் பற்றியே கதை சொல்ல வேண்டும் என்பது மற்றொரு கட்சி. லூஸி ஸ்பிரேக் மிட்செல் என்ற அம்மையார் 1921-ல் இப்படி ஒரு கதைப் புத்தகமே வெளியிட்டார். அவருடைய வழியில் வந்த மார்கரெட் வைஸ் பிரவுன் என்பவர் 1947-ல் "குட்நைட் மூன்" என்ற சிறு புத்தகத்தை எழுதினார். ஒரு குட்டி முயல் படுக்கையில் படுத்துக்கொண்டு, அறையிலுள்ள ஒவ்வொரு சாமானிடமும், வானத்து நிலாவிடமும் விடைபெற்றுக்கொண்டு தூங்குகின்றது. இவ்வளவுதான் கதை.

இது மூர் அம்மையாருக்குப் பிடிக்கவில்லை. அவர் உத்தியோகத்தை விட்டு ஆறு வருஷம் ஆகியிருந்தும், அவருடைய பிடிக்காமையே நியூயார்க் பொதுப் புத்தகசாலைக்குச் சட்டமாயிற்று. 1972-ம் வருஷம் வரையில் அங்கே அந்தப் புத்தகம் வைக்கப்படவில்லை. கணக்குப் பார்ப்போம். புத்தகம் வெளிவந்து 25 வருஷம். அம்மையார் ஓய்வு பெற்று 31 வருஷம். அவர் 1961-ல் காலமாகி 11 வருஷம். செத்துப்போனவரின் விருப்பு வெறுப்பு உயிரோடிருக்கும் குழந்தைகளை ஆண்டுகொண்டிருந்தது! மனுவின் பெயரைச் சொல்லிக்கொண்டு இன்னமும் மனிதரைத் தரம் பிரிக்கும் நம் நாட்டாருக்கு இது புதிதாய் இராது. இதில் கெட்ட எண்ணமுள்ளவர் ஒருவரும் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். நல்லவர் ஒருவர் சொன்னார் என்பதற்காகவே காரணம் கேட்காமல் ஒப்புக்கொண்டதுதான் இத்தனைக்கும் காரணம்.

நிற்க, அதே புத்தகசாலையில் வேறு விதமான சிபார்சும் நடந்திருக்கின்றது. கறுப்பு மக்கள் வாழும் ஹார்லெம் பகுதிக் கிளையில் 1937-ல் அகஸ்டா பேக்கர் என்ற கறுப்பு அம்மையார் குழந்தைகள் பகுதிக்கு வேலைக்கு வந்தார். அலமாரியைப் பார்த்தார். அதில் கறுப்பு மனிதன் வந்தால் சோம்பேறியாக, வேலைக்காரனாக, பல்லை இளித்துக்கொண்டு கொச்சை பேசுகின்ற முட்டாளாகத்தான் வந்தான். இந்தப் புத்தகங்களை ஒரு கறுப்புக் குழந்தை படித்தால் தன்னைப்பற்றி என்ன நினைத்துக்கொள்ளும்? வெள்ளைக் குழந்தை படித்தால் பக்கத்து வீட்டுக் கறுப்புக் குழந்தையைப்பற்றி என்ன நினைத்துக்கொள்ளும்?

பேக்கர் அம்மையார் கொளுத்தவும் சொல்லவில்லை, சும்மா இருக்கவும் இல்லை. கறுப்பு மக்களை மனிதராகக் காட்டும் புத்தகங்களைத் தேடித்தேடிச் சேர்த்தார். மொழியில், படத்தில், கதையில் இழிவு இருக்கின்றதா என்று பரீட்சை செய்தார். அவ்வாறு தேறியவற்றை 1946-ல் ஒரு ஜாபிதாவாக வெளியிட்டார். ஜாபிதா சிறியதாயிருக்கவே, ஏன் சிறியதாயிருக்கின்றது என்று புத்தகம் போடுகின்றவர்களை நோக்கியே கேள்வி திரும்பிற்று. 1961-ல் அவரே அந்தப் பெரிய புத்தகசாலையின் குழந்தைகள் பகுதி முழுமைக்கும் தலைவரானார்.

வேலை அதோடு தீர்ந்துவிடவில்லை. 1965-ல் நான்சி லாரிக் என்பவர் கணக்கெடுத்து வெளியிட்டார். 1962 முதல் 1964 வரை மூன்று வருஷங்களில் 63 கம்பெனிகள் போட்ட 5,206 குழந்தைப் புத்தகங்களில், ஒரு கறுப்பு மனிதராவது காணப்படுவது 349-ல் மட்டுமே. அதாவது நூற்றுக்கு 6.7 தான். அந்த 349-ல் ஒன்று எஸ்ரா ஜாக் கீட்ஸ் 1962-ல் வெளியிட்ட "ஸ்நோயி டே" என்பது. ஒரு கறுப்புச் சிறுவன் பனி பெய்த நாளில் வெளியே போய் விளையாடுகின்றான். வேறு விசேஷமில்லை. ஒரு கறுப்புப் பிள்ளை மற்றப் பிள்ளைகளைப்போல் விளையாடுவதே விசேஷம்.

2020-ம் வருஷம் நியூயார்க் பொதுப் புத்தகசாலை, தான் 1895-ல் ஏற்பட்டது முதல் அதிகமாக இரவல் போன புத்தகம் எது என்று கணக்குப் போட்டது. முதலாவதாக வந்தது எந்த அரசன் கதையுமல்ல. இந்தக் கறுப்புச் சிறுவன் கதைதான். 4,85,583 தடவை இரவல் போயிருக்கின்றது. அதே அறிக்கையில், "குட்நைட் மூன்" முதல் பத்துக்குள் வராததற்கு அது 1972 வரை தங்களிடம் இல்லாமற்போனதே காரணமென்றும், மூர் அம்மையாரின் வெறுப்பினால் வந்த வினை அதுவென்றும் புத்தகசாலைக்காரர்களே ஒப்புக்கொண்டார்கள். குழந்தைகளின் கையைக் கட்டாமல் விட்டால் அவர்கள் எதைத் தேடிப் போவார்கள் என்பதற்கு இதைவிட வேறு சாட்சியம் வேண்டுமா?

இனி மூன்றாவது சங்கதி. அலபாமா மாகாணத்தில் 1959-ல் நடந்தது. கார்த் வில்லியம்ஸ் என்ற சித்திரக்காரர், அதாவது மேலே சொன்ன எலிக் கதைக்குப் படம் போட்டவரே, 1958-ல் "முயல்களின் கலியாணம்" என்று ஒரு புத்தகம் வெளியிட்டார். ஒரு கறுப்பு முயலும் ஒரு வெள்ளை முயலும் விரும்பிக் கலியாணம் செய்துகொள்ளுகின்றன. அலபாமாவிலோ கறுப்பரும் வெள்ளையரும் மணந்துகொள்வது அப்போது சட்டப்படி குற்றம். உடனே ஈ. ஓ. எடின்ஸ் என்ற சட்டசபை அங்கத்தினர், இந்தப் புத்தகத்தைக் கொளுத்த வேண்டும் என்று கூச்சலிட்டார். முயலுக்கும் ஜாதி கண்டுபிடித்த புத்திசாலித்தனத்தைப் பாருங்கள்! படம் எடுப்பாயிருக்கவே கறுப்பும் வெள்ளையுமாய் வரைந்ததாகவும், வேறு உள் அர்த்தம் எதுவுமில்லை என்றும் சித்திரக்காரர் பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

மாகாணப் புத்தகசாலைப் பகுதியின் தலைவரான எமிலி வீலாக் ரீட் அம்மையார் அதைத் திறந்த அலமாரியிலிருந்து எடுத்துத் தனியே வைத்தார். ஆனால் விலக்கவில்லை. கேட்கும் ஊர்களுக்குக் கொடுக்கும்படியே வைத்திருந்தார். பாதி வளைந்தார், முழுதும் வளையவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். மார்ட்டின் லூதர் கிங் எழுதிய புத்தகம் ஒன்று இருந்த சிபார்சு ஜாபிதாவை அனுப்பியதற்காகவும் அவரைக் கேள்வி கேட்டார்கள். 1960-ல் அவர் அலபாமாவை விட்டுப் போய்விட்டார். ஜாதி மாறி மணந்த பிள்ளைகளைப் பெற்றவர்களே வெட்டிக் கொல்லுவதை இன்றும் பத்திரிகையில் படிக்கின்ற நாம், அலபாமாக்காரரைப் பார்த்துச் சிரிக்க யோக்கியதை உடையவர்களா என்று யோசிக்க வேண்டும்.

இவற்றிலிருந்து நாம் தெரிந்துகொள்ளுவதென்ன? மூர் அம்மையார் தம் ருசியைக் குழந்தையின் தேவையென்று நினைத்துக்கொண்டார். எடின்ஸ் தம் ஜாதிப் பயத்தைக் குழந்தையின் நன்மையென்று பேசினார். பேக்கர் அம்மையார் மட்டுமே குழந்தையின் பக்கத்தில் நின்று அலமாரியைப் பார்த்தார். அதுதான் சிபார்சு. மற்றவை கட்டளை.

இங்கே நம் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். சிலருக்குக் கோபம் வந்தாலும் சரியே. "அப்படியானால் நம் ஊர்ப் புத்தகசாலையில் உள்ள புராணக் கதை, பேய்க் கதை, சாமியார் கதைகளையெல்லாம் குழந்தைகள் அலமாரியிலிருந்து தூக்கி எறியச் சொல்லலாமே" என்று சிலருக்குத் தோன்றலாம். அப்படிச் செய்தால் நமக்கும் மூர் அம்மையாருக்கும் என்ன வித்தியாசம்? நாம் கொடுத்த ஒரே புத்தகத்தைப் படித்து நாம் சொன்னதையே திருப்பிச் சொல்லுகின்ற பிள்ளை பகுத்தறிவுவாதியல்ல. அவன் வேறொரு கோயிலின் பக்தன். பகுத்தறிவு என்பது நாம் கொடுக்கும் புத்தகத்துக்குள் இல்லை. இரண்டு புத்தகங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "இதில் எது நிஜம், ஏன்?" என்று கேட்கின்ற பிள்ளையின் மூளையில் இருக்கின்றது. ஆகையால் எறியும்படி கேட்காதீர்கள். பக்கத்தில் வைக்கும்படி கேளுங்கள். புராணம் இருக்கின்ற அலமாரியில் வான சாஸ்திரமும் இருக்கட்டும். ராஜா கதைக்கு அடுத்தபடி உழுகின்றவன் வீட்டுப் பிள்ளையின் கதையும் இருக்கட்டும். இழிவு செய்யும் புத்தகம் இருந்தால் அதை ஒளிக்காமல், எங்கே இழிவு, ஏன் இழிவு என்று பிள்ளைக்கே காட்டட்டும்.

இதை நாம் பிச்சையாகக் கேட்கவில்லை, உரிமையாகவே கேட்கின்றோம். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய புத்தகம், ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்குரிய வாசகர் என்ற கொள்கையை, சென்னைச் சர்வகலாசாலைப் புத்தகசாலையில் இருந்த ரங்கநாதன் 1931-லேயே தம் ஐந்து விதிகளில் எழுதி வைத்தார். 1948-ல் சென்னை மாகாணத்தில் பொதுப் புத்தகசாலைச் சட்டமும் வந்தது. தமிழ்நாட்டில் வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டிக்கொண்டிருக்கின்றோம். பணம் கொடுக்கின்றவன் புத்தகத்தைக் கேட்க ஏன் வெட்கப்பட வேண்டும்?

ஆகவே தோழர்களே! உங்கள் பிள்ளையை, முக்கியமாய்ப் பெண் பிள்ளையை, கையைப் பிடித்துப் புத்தகசாலைக்கு அழைத்துக்கொண்டு போங்கள். அங்கத்தினராகச் சேர்த்துவிடுங்கள். பையனுக்கு விஞ்ஞானம், பெண்ணுக்குச் சமையலும் கோலமும் என்று யாராவது எடுத்துக் கொடுத்தால், மரியாதையாகவே, ஆனால் கண்டிப்பாக, ஆக்ஷேபியுங்கள். ஒரு புத்தகம் கொடுக்கும் இடத்தில் மூன்று காட்டும்படியும், ஏன் இது நல்லது என்று காரணம் சொல்லும்படியும் கேளுங்கள். பிடிக்காத புத்தகத்தைப் பாதியில் திருப்பிக் கொடுக்கப் பிள்ளைக்குப் பாத்தியதை உண்டு என்று சொல்லிவையுங்கள். நல்ல புத்தகசாலை அதிகாரி இதற்கெல்லாம் கோபித்துக்கொள்ள மாட்டார், சந்தோஷப்படுவார். அப்படிப்பட்டவர்கள் நம் ஊர்களில் குறைந்த சம்பளத்தில், ஓட்டைக் கட்டடத்தில் உட்கார்ந்துகொண்டு தொண்டு செய்து வருகின்றார்கள். அவர்களுக்கு நாம் துணையாய் நிற்க வேண்டும்.

"ஏன் இந்தப் புத்தகம்?" என்று ஒரு குழந்தை கேட்கப் பழகிவிட்டால், நாளைக்கு "ஏன் இந்த ஜாதி? ஏன் இந்தச் சடங்கு?" என்று கேட்க அதற்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.